நியூகாசில் யுனைடெட்: ரசிகர்கள், 9ஆம் நம்பர் சட்டை, 70 வருடக் காத்திருப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலீஷ் கால்பந்து பற்றிப் பேச்சு வந்து, நான் நியூகாசில் ஆதரவாளன் என்று தெரிந்ததும், நண்பர்களிடமிருந்து அநேகமாக ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் எல்லாம் இருக்கும்போது இது ஏன் என்பதில் ஆரம்பித்து, சவுதிப் பணம், இசாக் விவகாரம் வரை போகும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். 2025 வரையிலான கதை இது.

நியூகாசில் எங்க இருக்கு? அந்த ஊர்ல மட்டும் அப்படி என்ன விசேஷம்?

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. லண்டனிலிருந்து ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். நிலக்கரியாலும் கப்பல் கட்டும் தளங்களாலும் வளர்ந்த பகுதி. போன நூற்றாண்டின் பின்பாதியில் சுரங்கங்களும் தளங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நகரத்தின் மக்கள் தொகை சுமார் 3 லட்சம். செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தில் 52,000 பேர் உட்காரலாம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

மீதிப் பாதி, இது ஒரே கிளப் உள்ள ஊர் என்பது. மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்று இருக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. ஈஸ்ட் எண்ட், வெஸ்ட் எண்ட் என்று இரண்டு கிளப்புகள் இருந்தன. 1892இல் வெஸ்ட் எண்ட் நொடித்துப்போக, ஈஸ்ட் எண்ட் அதன் மைதானத்துக்குக் குடிபோனது. அந்த டிசம்பரில் பெயரையும் யுனைடெட் என்று மாற்றிக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை அதே மைதானம்தான். அதுவும் ஊருக்கு வெளியே கார் நிறுத்துமிடங்களுக்கு நடுவில் இல்லை, நகரத்தின் மையத்தில் மேட்டில் நிற்கிறது. போட்டி நாளில் கடைத்தெருவுக்குள் நடந்தே மைதானத்துக்குப் போய்விடலாம்.

இந்த டீம் இதுவரைக்கும் என்னதான் ஜெயிச்சிருக்கு?

லீக் பட்டம் நான்கு: 1905, 1907, 1909, 1927. எஃப்.ஏ. கோப்பை (தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் போட்டி) ஆறு: 1910, 1924, 1932, 1951, 1952, 1955. அப்புறம் 1969இல் ஃபேர்ஸ் கோப்பை என்ற ஐரோப்பியப் போட்டி. இறுதிப் போட்டியின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து ஹங்கேரியின் உய்பெஸ்ட் அணியை 6-2 என்று வென்றார்கள். கேப்டன் பாபி மன்கர் பின்வரிசை ஆட்டக்காரர். அந்த ஆறில் மூன்று கோல் அவருடையது. அதற்கடுத்த பெரிய கோப்பை 2025இல்தான் வந்தது.

"70 வருடம்" என்று எல்லோரும் சொல்வது உள்நாட்டுக் கோப்பையை வைத்து, 1955 முதல் 2025 வரை. ஐரோப்பியக் கோப்பையையும் சேர்த்தால் 56 வருடம். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு மனிதர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறும் காலம்.

கீழ டிவிஷனுக்கு இறக்கி விடுறதுன்னா என்ன? இவங்களும் இறங்கியிருக்காங்களா?

இங்கிலாந்தில் மேல் டிவிஷனில் (இன்றைய பெயர் பிரீமியர் லீக்) கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் அடுத்த வருடம் இரண்டாம் டிவிஷனில் ஆட வேண்டும். கீழிருந்து மூன்று அணிகள் மேலே வரும். ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் கொடுமை சட்டென்று உறைக்காது. டிவி வருமானம் சரியும், நல்ல ஆட்டக்காரர்கள் கிளம்புவார்கள், வேலை செய்பவர்களையே கிளப் குறைக்க வேண்டிவரும்.

நியூகாசில் பலமுறை இறங்கியிருக்கிறது. சமீபத்தில் 2009, 2016. இரண்டு முறையும் அடுத்த வருடமே இரண்டாம் டிவிஷனின் முதலிடத்தைப் பிடித்துத் திரும்பியது. 1992இல் நிலைமை அதைவிட மோசம், மூன்றாம் டிவிஷனுக்கே விழ இருந்தார்கள். கெவின் கீகன் பிப்ரவரியில் மேனேஜராக வந்து, சீசனின் கடைசி நாட்களில்தான் காப்பாற்றினார்.

இறங்கின அப்புறமும் ஆளுங்க மேட்ச் பாக்க வந்தாங்களா?

2016-17இல் இரண்டாம் டிவிஷனில் ஆடியபோது சொந்த மைதானத்துக்கு வந்த சராசரிக் கூட்டம் 51,000க்கு மேல். மேல் டிவிஷனிலேயே பல கிளப்புகளுக்கு அந்த அளவு மைதானம் கிடையாது.

அந்த வருடத்துக்கு முன்னோட்டம் 2016 மே மாதமே கிடைத்துவிட்டது. பக்கத்து ஊர் எதிரி சண்டர்லேண்ட் ஒரு போட்டியில் ஜெயித்ததால் நியூகாசில் இறங்குவது உறுதியானது. நான்கு நாள் கழித்துக் கடைசிப் போட்டி, டாட்டன்ஹாமுக்கு எதிராக. எதற்கும் பிரயோஜனம் இல்லாத ஆட்டம். மைதானம் நிறைந்தது, அணி 5-1 என்று ஜெயித்தது, கூட்டம் முழுப் போட்டியும் மேனேஜர் ரஃபேல் பெனிட்டஸின் பெயரைப் பாடிக்கொண்டே இருந்தது, போகாதே என்று. ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த மனிதர், இரண்டாம் டிவிஷனில் வேலை பார்க்க ஒப்புக்கொண்டு தங்கினார். ஒரு கூட்டம் பாடியே சாதித்த காரியம் என்று இதைத்தான் சொல்வேன்.

அப்போ கூட்டம் எப்பவுமே குறைஞ்சதே இல்லையா?

குறைந்திருக்கிறது. 1990-91இல் இரண்டாம் டிவிஷனில் தடுமாறியபோது சராசரி 20,000க்கும் கீழே போனது. ஊரில் வேலை இல்லை, மைதானம் பழசு, அணியும் மந்தம். ரசிகர்களைத் தெய்வப் பிறவிகள் மாதிரி காட்டும் பேச்சு எனக்கு ஒப்புதல் இல்லை. வீட்டுச் செலவு போக மீதி இருந்தால்தானே டிக்கெட்.

ஆனால் ஒரு துளி நம்பிக்கை கண்ணில் பட்டால் போதும், திரும்பி வருவார்கள். 1982இல் கீகன் ஆட்டக்காரராகச் சேர்ந்தபோதும், 1992இல் மேனேஜராக வந்தபோதும் அதுதான் நடந்தது.

9ஆம் நம்பர் சட்டைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வெறும் நம்பர்தானே?

மற்ற ஊர்களில் வெறும் நம்பர்தான். இங்கே அது ஒரு பதவி. முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிப்பவர் இந்த ஊருக்கு எப்போதும் தலைவன். வரிசை ஹியூகி கேலகரிடமிருந்து ஆரம்பிக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர், குள்ளமான ஆள், முன்கோபி. அவர் காலத்தில் சட்டையில் எண்ணே கிடையாது. 1926-27இல் 38 லீக் போட்டிகளில் 36 கோல் அடித்து, கேப்டனாகப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். கிளப்பின் கடைசி லீக் பட்டம் அதுதான்.

அடுத்து ஜாக்கி மில்பர்ன். ஆஷிங்டன் என்ற சுரங்க ஊரில் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டே ஆடவந்தவர். 1951 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியின் இரண்டு கோல்களும் அவருடையவை. 1955 இறுதியில் 45ஆவது விநாடியில் தலையால் முட்டிக் கோல் போட்டார். கிளப்புக்காக 200 கோல். 1988இல் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலம் போன தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். சுரங்கத் தொழிலாளிகள் பார்த்துக் கைதட்டியது இன்னொரு சுரங்கத் தொழிலாளியை. அந்த உறவின் ஈரம்தான் அந்தச் சட்டையில் இன்னும் இருக்கிறது.

1971இல் மால்கம் மக்டொனால்ட் வந்தார். சொந்த மைதானத்தில் முதல் போட்டி, எதிரில் லிவர்பூல், மூன்று கோல். 1993-94இல் ஆண்டி கோல் என்பவர் ஒரே சீசனில் 41 கோல். 1996இல் ஆலன் ஷியரர் வந்தபோது 9ஆம் எண்ணைப் போட்டிருந்தவர் லெஸ் ஃபெர்டினாண்ட். முந்தைய சீசனில் மலைமலையாய்க் கோல் அடித்தவர். ஷியரர் கேட்டார், அவர் விட்டுக்கொடுத்துவிட்டு 10ஐ எடுத்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையை ஊர் இன்னும் மறக்கவில்லை.

ஷியரர் மான்செஸ்டர் யுனைடெட் போயிருந்தா கோப்பையா குவிச்சிருப்பாரே. நியூகாசில் வந்தது தப்பு இல்லையா?

கோப்பைக் கணக்கில் பார்த்தால் அவருக்கு நஷ்டம்தான். 1995இல் பிளாக்பர்னோடு லீக் பட்டம் வென்றார். நியூகாசிலில் பத்து வருடம் ஆடி ஒரு கோப்பைகூட இல்லை. 1998, 1999 என்று அடுத்தடுத்து இரண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிகளில் தோல்வி. அதே காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிய பட்டங்களை எண்ணக் கை போதாது.

ஆனால் ஷியரர் நியூகாசிலின் கோஸ்ஃபோர்த்தில் பிறந்தவர். அப்பா தகரத் தகடு வேலை செய்தவர். சிறுவனாகக் கீகனைப் பார்த்து வளர்ந்தவர். 1996இல் 1.5 கோடி பவுண்டு, அன்றைய உலக சாதனைத் தொகைக்கு அவரை வாங்கியபோது, வரவேற்க மழையில் சுமார் 15,000 பேர் மைதானத்துக்கு வெளியே நின்றார்கள். அவர் அடித்தது 206 கோல். மில்பர்னின் 200ஐ 2006இல் தாண்டினார். கடைசிக் கோல் சண்டர்லேண்டுக்கு எதிராக, அவர்கள் மைதானத்திலேயே. பிரீமியர் லீகில் மொத்தம் 260 கோல். அந்தச் சாதனை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இன்று மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை நிற்கிறது. அவர் தேர்வு செய்தது தப்பு என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

12 பாயிண்ட் முன்னாடி இருந்து பட்டத்தை விட்டுட்டாங்களாமே? அந்த டீமை ஏன் இன்னும் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க?

1995-96. ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டைவிட 12 புள்ளிகள் முன்னிலை. வசந்த காலத்தில் தோல்வி மேல் தோல்வி. ஏப்ரல் 3ஆம் தேதி லிவர்பூல் மைதானத்தில் 4-3 என்று கடைசி நிமிடத்தில் தோற்ற ஆட்டம், பிரீமியர் லீகின் மிகச் சிறந்த போட்டி என்று இன்றும் பலர் சொல்வது. தோற்றதும் கீகன் விளம்பரப் பலகையின் மேல் தலை கவிழ்ந்து சரிந்த காட்சியைப் பார்க்காத ரசிகர் இருக்க மாட்டார்.

ஆனால் நான்கு வருடம் முன்பு மூன்றாம் டிவிஷனின் வாசலில் நின்ற கிளப் அது. கீகன் அணிக்குத் தடுத்து ஆடத் தெரியாது என்பார்கள், அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பந்து கிடைத்த மறுநொடி எதிரியின் கோலை நோக்கி ஓடுகிற அணி, வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு வருபவர்களுக்கு என்ன கொடுத்திருக்கும் என்று யோசியுங்கள். அதே 1996 அக்டோபரில், அடுத்த சீசனில், மான்செஸ்டர் யுனைடெட்டை 5-0 என்று அடித்தார்கள். கடைசிக் கோல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிலிப் ஆல்பர்ட், ஒரு பின்வரிசை ஆட்டக்காரர், கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டது. பட்டம் வாங்கிய எத்தனையோ அணிகளின் ஒரு கோல்கூட நினைவில் இல்லை, இது இருக்கிறது.

நல்லா அடிக்கிற ஸ்ட்ரைக்கரை எல்லாம் ஏன் வித்துடறாங்க? ரசிகர்கள் சும்மா விடறாங்களா?

இது இந்தக் கிளப்பின் தீராத நோய். கேலகரை 1930இல் செல்சிக்கு விற்றார்கள். மக்டொனால்ட் 1976இல் ஆர்சனலுக்கு. ஆண்டி கோல் 1995 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. ஆண்டி கரோல் 2011இல் லிவர்பூலுக்கு, 3.5 கோடி பவுண்டுக்கு. பணம் வேண்டும், அல்லது ஆட்டக்காரர் பெரிய இடத்துக்குப் போக ஆசைப்படுகிறார், அல்லது மேனேஜரோடு ஒத்துவரவில்லை.

ரசிகர்கள் சும்மா விடுவதில்லை. ஆண்டி கோலை விற்ற அன்று கோபத்தோடு மைதான வாசலுக்கு வந்தவர்கள் முன்னால் கீகனே படிக்கட்டில் வந்து நின்று, ஏன் விற்றேன் என்று விளக்கம் சொன்னார். மேனேஜர் ஒருவர் ரசிகர்களுக்கு நேருக்கு நேராகப் பதில் சொல்வதை இன்று கற்பனைகூடச் செய்ய முடியாது.

கேலகர் கதை இன்னும் அழகு. விற்ற சில மாதங்களில், 1930 செப்டம்பர் 3ஆம் தேதி, செல்சி அணியோடு அவர் செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்கு ஆட வந்தார். அன்று உள்ளே இருந்தவர்கள் 68,386 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த மைதானத்தின் கூட்டச் சாதனை இன்றுவரை அதுதான். விற்றுவிட்ட தங்கள் ஆளைப் பார்க்க வந்த கூட்டம்!

விசுவாசமான ரசிகர்னா ஓனர் என்ன பண்ணாலும் பொறுத்துக்கணுமா?

இல்லவே இல்லை. மைக் ஆஷ்லி 2007இல் கிளப்பை வாங்கினார், 14 வருடம் வைத்திருந்தார். அந்தக் காலத்தில்தான் 2009, 2016 இறக்கங்கள். 2011இல் மைதானத்தின் பெயரையே தன் விளையாட்டுப் பொருள் கடையின் பெயருக்கு மாற்றினார்; அடுத்த வருடம் பழைய பெயர் திரும்பியது. 2019இல் பெனிட்டஸ் போனதும் பல்லாயிரம் பேருக்கு வெறுத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் கிளப் 10,000 அரை சீசன் டிக்கெட்டை இலவசமாகவே கொடுக்க வேண்டிவந்தது.

போனவரும் விசுவாசிதான், போகாதவரும் விசுவாசிதான் என்பது என் கட்சி. டிக்கெட் வாங்காமல் வீட்டில் உட்கார்ந்து வேதனைப்படுவதும் கிளப் மேல் உள்ள பற்றுதான். மைதானத்துக்கு வெளியே உணவு வங்கிக்காகப் பொருளும் பணமும் சேர்க்கும் ரசிகர் குழு 2016இல் ஆரம்பித்தது. கிளப் எந்த நிலையில் இருந்தாலும் ஊரில் பசித்தவர் இருக்கிறார் என்று அவர்கள் நின்றார்கள். எனக்கு எந்தக் கோலையும்விடப் பெருமை அதில்தான்.

இப்போ சவுதிப் பணம் இருக்கே. ஜெயிக்கறதுல என்ன பெருமை?

2021 அக்டோபரில் சவுதி அரசின் முதலீட்டு நிதி 80 சதவீதப் பங்கோடு கிளப்பை வாங்கியது. மொத்த விலை 30.5 கோடி பவுண்டு. ஆஷ்லி போனதற்காக மைதானத்துக்கு வெளியே பெரும் கொண்டாட்டம். அதே சமயம் மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன, ரசிகர்களிலேயே ஒரு குழு எதிர்ப்புத் தெரிவித்தது. சவுதி அரசை விமர்சித்த பத்திரிகையாளர் ஜமால் கஷோகி சவுதி தூதரகத்தில் கொல்லப்பட்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. கோப்பை வந்ததால் அது மறைந்துவிடாது. என் கிளப் என்பதால் அதை ஒதுக்கிவிட்டுப் பேச நான் தயாராக இல்லை.

ஆனால் பணத்தைக் கொட்டி வாங்கிய வெற்றி என்பதும் சரியான கணக்கு இல்லை. மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்பது அப்போது லீகின் விதி. அதற்குக் கட்டுப்பட 2024 ஜூனில் எலியட் ஆண்டர்சன் என்ற உள்ளூர்ப் பையனையும் யான்குபா மின்டேவையும் விற்றார்கள். ஆண்டர்சன் போனது இன்னும் உறுத்துகிறது.

2025 ஃபைனல்ல அப்படி என்ன நடந்தது? பெரியவங்க எல்லாம் அழுதாங்களே?

மார்ச் 16, லண்டனின் வெம்ப்ளி மைதானம், லீக் கோப்பை (லீக் பட்டம் அல்ல, தனி நாக்-அவுட் போட்டி) இறுதி, எதிரணி லிவர்பூல். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு கார்னர் பந்தைத் தலையால் முட்டி முதல் கோல் போட்டவர் டான் பர்ன். இரண்டாம் பாதியில் அலெக்சாண்டர் இசாக் இரண்டாவது. கடைசியில் லிவர்பூல் ஒன்று திருப்பியது, 2-1.

பர்ன் பக்கத்து ஊர் பிளைத்தைச் சேர்ந்தவர். சின்னப் பையனாக இருந்தபோது நியூகாசில் பயிற்சிப் பள்ளி வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஆள். சூப்பர் மார்க்கெட்டில் டிராலி தள்ளியிருக்கிறார், சின்னச் சின்ன அணிகளில் ஆடி மேலே வந்து, 29 வயதில்தான் தன் ஊர் கிளப்புக்குத் திரும்பினார். அந்த வாரம்தான் 32 வயதில் முதல்முறையாக இங்கிலாந்து அணிக்கும் தேர்வாகியிருந்தார். 70 வருடக் காத்திருப்பை உடைக்க இவரைவிடப் பொருத்தமான ஆளை யாராலும் தேடிப் பிடித்திருக்க முடியாது. மைதானத்தில் அழுதவர்களில் பலர் தங்களுக்காக அழவில்லை. கையைப் பிடித்து முதல் போட்டிக்குக் கூட்டிப்போன அப்பா, தாத்தா இதைப் பார்க்காமல் போய்விட்டார்களே என்று அழுதார்கள்.

அந்த இசாக்கே அஞ்சு மாசத்துல லிவர்பூல் போயிட்டாரே. துரோகம்தானே?

2024-25இல் 23 லீக் கோல் அடித்தவர். அந்தக் கோடையில் அணியோடு பயணம் போகவில்லை, ஆட மறுத்தார், தனக்குக் கொடுத்த வாக்கு மீறப்பட்டது என்று அறிக்கை விட்டார். செப்டம்பர் 1ஆம் தேதி 12.5 கோடி பவுண்டுக்குப் போனார். பிரிட்டனில் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை. போக ஆசைப்பட்டதைத் துரோகம் என்று சொல்ல மாட்டேன், ஆட்டக்காரரின் காலம் குறுகியது. ஆட மறுத்ததை மன்னிக்க மாட்டேன். மேலே சொன்ன கேலகருக்குக் கிடைத்த வரவேற்பு இவருக்கு ஏன் கிடைக்காது என்பதற்கும் அதுவே பதில்: கேலகரைக் கிளப் விற்றது, இவர் கிளப்பை விட்டு முரண்டு பிடித்துப் போனார்.

பதிலுக்கு வந்த ஜெர்மானியர் நிக் வோல்டமாடே முதல் போட்டியிலேயே தலையால் கோல் போட்டார். 9ஆம் எண் சட்டை யோவான் விஸ்ஸாவுக்குப் போனது.

நாம டிவியில பாக்குறவங்கதானே, அங்க இருக்குறவங்களுக்கு எல்லா மேட்சும் தெரியுமா?

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நமக்குக் கிடைக்கும் போட்டிகள் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பிரிட்டனில் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலை கிடையாது. டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சின்ன கிளப்புகளின் மைதானம் காலியாகிவிடும் என்று 1960களில் வந்த ஏற்பாடு. அங்கே மதியம் 3 மணி ஆட்டம், இந்தியாவில் இரவு 7.30 அல்லது 8.30.

சண்டர்லேண்டோட ஏன் இவ்வளவு பகை? அவங்க ரசிகர்கள் இவங்க அளவுக்கு விசுவாசம் இல்லையா?

இரண்டு ஊருக்கும் இடையே 20 கிலோமீட்டர்கூட இருக்காது. 17ஆம் நூற்றாண்டில் நிலக்கரி வியாபார உரிமை நியூகாசில் கையில் இருந்தது, உள்நாட்டுப் போரில் நியூகாசில் மன்னர் பக்கம், சண்டர்லேண்ட் நாடாளுமன்றத்தின் பக்கம். பழைய பகை கால்பந்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 1908 டிசம்பரில் சண்டர்லேண்ட் நியூகாசில் மைதானத்துக்கே வந்து 9-1 என்று அடித்தது. அந்த சீசனின் லீக் பட்டத்தை வாங்கியது நியூகாசில். இரண்டு பக்கமும் இன்றுவரை ஆளுக்குப் பாதியைச் சொல்லிக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

விசுவாசத்தில் அவர்களைக் குறைத்துப் பேச முடியாது. அடுத்தடுத்து இரண்டு முறை இறக்கப்பட்டு, 2018இல் மூன்றாம் டிவிஷனுக்குப் போனார்கள். அந்த டிசம்பர் 26ஆம் தேதி பிராட்ஃபோர்டு அணியோடு நடந்த மூன்றாம் டிவிஷன் போட்டிக்கு 46,039 பேர் வந்தார்கள். நான்கு வருடம் அங்கேயே கிடந்து, மேலே ஏறி, 2025இல் பிரீமியர் லீகுக்குத் திரும்பினார்கள். டெர்பி (பக்கத்து ஊர் எதிரிகள் மோதும் ஆட்டம்) நாளன்று அவர்கள் தோற்க வேண்டும் என்றுதான் நினைப்பேன். ஆனால் அந்த 46,039 பேரை மட்டமாகப் பேசுபவர் நியூகாசில் சட்டை போட்டிருந்தாலும் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன்.